நோட்டு காலியாக இருக்கிறதே, என் மகள் படிக்கிறாளா?

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் கோவை. கணவருக்கு வேலை மாற்றலாகி, போன வருடம் சிக்கந்தராபாத்துக்குக் குடிவந்தோம். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவள் பள்ளியில் காலையில் பாதி நேரம் படம், களிமண், கதை, பாட்டு என்றே போகிறது. நோட்டுகள் முக்கால்வாசி காலி. தசரா லீவுக்கு முன்னால் பூ கொண்டுவரச் சொல்லி, வகுப்பிலேயே பதுக்கம்மா அடுக்கினார்கள். எதிர் ஃப்ளாட் பையனும் இரண்டாம் வகுப்புதான், டெக்னோ ஸ்கூல். இருபதாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கிறான், நோட்டு நோட்டாக எழுதித் தள்ளுகிறான். “இதெல்லாம் புது ஃபேஷன். ஃபீஸ் கட்டி விளையாட அனுப்புகிறோம், பள்ளியை மாற்றிவிடலாம்” என்கிறார் கணவர்.

போன வாரம் பள்ளிக்குப் போனபோது, அவள் வரைந்த ரயில் படம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் கால்கூட வெளியே தெரிகிறது. தாத்தா எஞ்சினைவிடப் பெரிதாக இருக்கிறார். டீச்சர் எதையும் திருத்தவில்லை. மாதம் ஒரு ப்ராஜெக்ட் சார்ட் வேறு கொடுக்கிறார்கள், ராத்திரி உட்கார்ந்து அதைச் செய்வது நான்தான். நன்றாக வரைந்தால் சாக்லேட் என்று சொல்லிப் பார்த்தேன், சில நாள்தான் எடுபட்டது. பள்ளியில் ஆங்கிலம், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழி. தமிழ் எழுத்தே தெரியாமல் வளர்ந்துவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி, மாரேட்பள்ளி, சிக்கந்தராபாத்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ரயில் படத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஏழு வயதுப் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரையாது, மனதுக்குத் தெரிந்ததை வரையும். பெட்டிக்குள் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கால் இருக்கிறது என்பது உங்கள் மகளுக்குத் தெரியும். நடுவே ஓர் இரும்புச் சுவர் மறைக்கிறது என்பதற்காக அதை விட்டுவிட அவள் தயாராக இல்லை. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற ஓவியக் கல்வி அறிஞர் 1947இல் வெளியிட்ட நூலில், குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்துக் காட்டினார். ஏழு முதல் ஒன்பது வயது வரையான பருவத்தில் இப்படி உள்ளும் வெளியும் சேர்ந்து தெரியும் படங்கள் வரும். எக்ஸ்ரே படம் என்றே அவற்றைச் சொல்வார்கள். தாளின் அடியில் குறுக்காக ஒரு தரைக்கோடு போட்டு, எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்துவது அந்த வயதின் இன்னோர் அடையாளம். உங்கள் மகளின் படத்தில் தண்டவாளமே அந்தக் கோடாக இருக்கக்கூடும், அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். தாத்தா எஞ்சினைவிடப் பெரிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அந்த வயதில் யார் முக்கியமோ அவர்தான் பெரிதாக வருவார். ஒன்பது, பத்து வயதில் அவளே “இது சரியா வரலை” என்று அழித்து அழித்து வரையப்போகிறாள். டீச்சர் இப்போதே சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து கால்களை அடித்திருந்தால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன்.

இந்தப் படத்தில் உங்கள் மகள் எத்தனை முடிவு எடுத்திருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். ரயிலில் யார் யார் போக வேண்டும், யாருக்கு ஜன்னல், யார் எவ்வளவு பெரிது, என்ன நிறம், எதை விடலாம், எதை விடக்கூடாது. ஒரு வகுப்பில் நடப்பது படிப்பா, வெறும் பொழுதுபோக்கா என்று பார்க்க நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்: இதில் பிள்ளை தானாக என்ன முடிவு செய்தது?

இப்படிக் கேட்டால் எல்லாச் செயல்பாடும் தேறிவிடாது. நம் நகரத்துப் பள்ளிகள் பலவற்றின் சுவர்களில் வரிசையாக மயில்களைப் பார்க்கிறேன். ஒரே அச்சு, ஒரே நீலம், கழுத்துகூட ஒரே பக்கம் திரும்பியிருக்கும். டீச்சர் வெட்டிக் கொடுத்த உருவத்தில் பிள்ளை ஜிகினாத் தாளை ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அழகான ஃபோட்டோ கிடைக்கும். ஆனால் அந்த மயிலுக்கும் நாலு பக்கம் காப்பி எழுதுவதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் மகளின் வகுப்புச் சுவரில் ரயிலுக்குப் பக்கத்தில் என்ன மாட்டியிருந்தது என்று நினைவிருக்கிறதா? ஒவ்வொன்றும் வேறு வேறாக இருந்திருந்தால் அது நல்ல வகுப்பு.

அடுத்தது பதுக்கம்மா. தெலங்கானாவில் மகாளய அமாவாசையில் தொடங்கி ஒன்பது நாள் கொண்டாடும் பூக்களின் பண்டிகை இது. தாம்பாளத்தில் இலை பரப்பி, அதன்மேல் வட்டம் வட்டமாகப் பூ அடுக்கி, மேலே போகப் போகக் குறுக்கி, உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரம்மா என்ற அம்மனை வைப்பார்கள். இதை வகுப்பில் செய்து பாருங்கள், எத்தனை பாடம் வெளியே வருகிறது என்று. முதலில் பூக்களைத் தரம் பிரிக்க வேண்டும். பிறகு காம்புகளை ஒரே நீளத்துக்கு வெட்ட வேண்டும். எதை அளவாக வைப்பது, விரலையா, பென்சிலையா என்று பிள்ளைகளுக்குள் சண்டை வரும். பண்ணைக்கீரைப் பூவைக் கொத்துக் கொத்தாகக் கட்டும்போது ஒரு கொத்துக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், பத்துகளும் ஒன்றுகளும் கையிலேயே வந்துவிடும். அடி வட்டத்துக்கு எத்தனை பூ பிடிக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு எண்ணச் சொல்லலாம். மேல் வட்டத்துக்கு ஏன் குறைவாகப் போதும்? இந்தக் கேள்விக்கு ஏழு வயதுப் பிள்ளைகள் சொல்லும் பதில்களைக் கேட்க எனக்கு அலுப்பதே இல்லை. “மேல இருக்கிறவங்களுக்கு இடம் கம்மி டீச்சர்” என்று ஒரு பிள்ளை சொன்னால், அங்கே வடிவியல் தொடங்கிவிட்டது.

அந்த அடுக்கில் மஞ்சளாகத் தெரிந்திருக்குமே, இங்கே தங்கேடு என்பார்கள், தெலங்கானாவின் மாநிலப் பூ. உங்களுக்கு அது புதிதில்லை. நம் ஊரில் பொங்கலுக்கு முன்தினம் வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுகிறோமே, அந்த ஆவாரம்பூதான். இதை மகளிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் சொல்ல அவளிடம் ஒரு செய்தி இருந்திருக்கும். வேறு மாநிலத்திலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை.

இனி எதிர் ஃப்ளாட் பையன். வாய்ப்பாடு தெரிவது நல்லதுதான், அந்தப் பிள்ளையைக் குறைத்துப் பேச எதுவும் இல்லை. மூன்றாம், நான்காம் வகுப்பில் உங்கள் மகளுக்கும் வாய்ப்பாடு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன், நாலு தட்டில் மும்மூன்று இட்லி வைத்தால் மொத்தம் எத்தனை என்பதை எண்ணாமல் யோசித்துச் சொல்லத் தெரிய வேண்டும். வரிசை அப்படித்தான். இந்த ஊரில் ஐ.ஐ.டி. கனவு ஒன்றாம் வகுப்பு வரை இறங்கிவிட்டது, டெக்னோ, ஒலிம்பியாட், கான்செப்ட் என்று பலகை மாட்டாத தெருவே குறைவு. அந்தப் பதற்றம் பக்கத்து வீட்டுக்கும் தொற்றிக்கொள்வது இயல்பு. நோட்டு காலியாக இருப்பதற்கு மட்டும் பயப்படாதீர்கள். 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கையே இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது.

அதற்காக, விளையாட்டாகவே எல்லாம் வந்துவிடும், சும்மா இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். படமும் களிமண்ணும் இருந்தும் பிள்ளை வாசிக்கத் திணறினால் அந்த வகுப்பில் ஏதோ விட்டுப்போகிறது. 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் வரவேண்டியது என்று சிலவற்றைச் சொல்கிறது: பழகிய மொழியில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் வரை பொருள் புரிந்து வாசிப்பது, 999 வரை எண்களைப் படித்து எழுதுவது, 99 வரையிலான எண்களில் கழிப்பது. தெலங்கானா அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் தொலிமெட்டு திட்டத்தின் நோக்கமும் இந்த அடிப்படைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை மடியில் உட்காரவைத்து, அவள் இதுவரை பார்க்காத ஒரு கதைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தை அவள் கண்ணில் படும்படி வைக்க வேண்டாம். வாசித்ததை அவள் வாய்மொழியில் திரும்பச் சொல்கிறாளா என்று பாருங்கள். கடைக்கணக்கில் ஒரு கழித்தல் கொடுங்கள், ஐம்பது ரூபாய் கொடுத்து முப்பத்திரண்டுக்கு வாங்கினால் மீதி எவ்வளவு என்பது போல. இப்போது ஆண்டின் நடுப்பகுதிதானே, பாதிக்கு மேல் வந்தாலே நிம்மதியாக இருங்கள்.

இது புது ஃபேஷன் என்று உங்கள் கணவர் சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, ஆல்காட் தோட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதற்கும் முன்பே குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்ற ஆசிரியர் கதையையும் விளையாட்டையும் பாடமாக்கிவிட்டார். 1932இல் வந்த அவருடைய ‘திவாஸ்வப்னா’ தமிழில் ‘பகல் கனவு’ என்று கிடைக்கிறது. சிறிய புத்தகம், உங்கள் கணவர் ரயில் பயணத்தில் படித்துவிடலாம். அதில் வரும் ஆசிரியர் முதல் நாள் ஆசையாகக் கொண்டுபோகும் மௌன விளையாட்டு படுதோல்வி அடைகிறது, வகுப்பே சந்தைக்கடையாகிறது. பிறகு அவரைக் காப்பாற்றுவது கதை. செயல்வழிக் கற்றலில் வகுப்பு கலகலவென்று இருப்பது ஏன் என்று அந்தப் புத்தகம் சொல்வதுபோல் வேறெதுவும் சொன்னதில்லை.

இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்துவிட்டுத்தான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் அது தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கற்றல் ஏணியில் தாங்கள் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துத் தாங்களே அட்டையை எடுத்துக்கொண்டார்கள். சுவரின் அடிப்பகுதியில் குழந்தைகளின் உயரத்துக்குக் கரும்பலகை, அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அவர்கள் வரைந்ததும் எழுதியதும் அதில் தொங்கும். குறைகளும் இருந்தன. அட்டையைத் தாண்டுவதே படிப்பு என்று ஆகிப்போன வகுப்புகள் உண்டு. ஆனாலும் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் தங்கள் படம் தலைக்கு மேல் ஆடுவதை அண்ணாந்து பார்த்தார்களே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

ப்ராஜெக்ட் சார்ட்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தெர்மாகோலும் ஃபெவிக்காலும் வாங்கித் தந்து நீங்கள் எழுந்து போய்விடலாம். கோணல்மாணலாக, பசை வழிந்து, எழுத்துப் பிழையோடு போகட்டும். “இது முழுக்க அவள் செய்தது” என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நல்ல டீச்சராக இருந்தால் உங்களுக்கு நன்றி சொல்வார். அம்மாக்களின் கைவேலைக்கு மதிப்பெண் போட்டு அவர்களும் சலித்துத்தான் இருப்பார்கள்.

சாக்லேட் ஏன் சில நாளோடு நின்றது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு பதில் சொல்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நர்சரிப் பிள்ளைகளிடம் செய்தது. வண்ணப் பேனாவால் வரைவதில் தாமாகவே ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. பிறகு பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்டவர்கள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். அதுவரை விளையாட்டாக இருந்தது கூலி வேலை ஆகிவிட்டது. சாக்லேட் கொடுங்கள், அது பாவம் என்ன செய்தது, ஆனால் படத்துக்கு விலையாகக் கொடுக்காதீர்கள். “சூப்பர், ரொம்ப அழகு” என்ற பாராட்டைக்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, “இதைப் பத்தி எனக்குச் சொல்லேன்” என்று பக்கத்தில் உட்காருங்கள்.

உங்கள் தமிழ்க் கவலைக்கும் வழி அந்த இடத்தில்தான் இருக்கிறது. நியூசிலாந்தில் மாவோரி பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, 1963இல் வந்த தன் நூலில் தன் முறையை எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையிடமும் “இன்றைக்கு உனக்கு என்ன வார்த்தை வேண்டும்?” என்று கேட்டு, அதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் பிள்ளைக்கு அடையாளம் தெரியாத அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். மறந்துபோனால் அது அந்தப் பிள்ளைக்கு வேண்டிய வார்த்தை இல்லை என்பது அவர் கணக்கு. உயிரும் மெய்யும் வரிசையாக எழுதவைத்து உங்கள் மகளைத் தமிழிடமிருந்து விரட்ட வேண்டாம். அவள் வீட்டில் வரையும் படத்துக்குக் கீழே, அவள் சொல்வதை அப்படியே தமிழில் நீங்கள் எழுதுங்கள். “தாத்தா ஜன்னல் சீட்ல உக்காந்துட்டாரு. எனக்குத் தரவே இல்லை” என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள், எழுத்துத் தமிழுக்கு மாற்றாதீர்கள். தன் வாயில் வந்த வாக்கியம் என்பதால் மறுநாள் அதை அவளே வாசித்துவிடுவாள். முதலில் மனப்பாடமாகத்தான் சொல்வாள், பரவாயில்லை. கொஞ்ச நாளில் ‘தாத்தா’வில் உள்ள ‘தா’ ‘தாமரை’யிலும் இருக்கிறதே என்று விரல் வைத்துக் காட்டுவாள். எழுத்து அட்டவணையை அப்போது எடுத்தால் போதும். கோவையில் தாத்தாவுக்கு அந்தப் படத்தையே கடிதமாக அனுப்பலாம். அவர் பதில் எழுதினால் அதைவிட நல்ல தமிழ்ப் பாடப்புத்தகம் உங்களுக்குக் கிடைக்காது.

தெலுங்கைப் பற்றிக் கவலை வேண்டாம். 2018ஆம் ஆண்டின் சட்டப்படி இந்த மாநிலத்தில் எந்தப் பாடத்திட்டப் பள்ளியிலும் அது கட்டாயம். விளையாடும் இடத்தில் கேட்கும் மொழியைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். சிக்கந்தராபாத் தமிழர்களுக்கு அந்நிய ஊரும் இல்லை. அங்கே உள்ள மஹ்பூப் கல்லூரியை 1862இல் பள்ளியாகத் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார் என்ற தமிழர்தான்.

வார இறுதியில் ஒருநாள் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). எல்லா அறையும் சுற்ற வேண்டாம், பிள்ளை களைத்துப்போகும். அங்கே உள்ள இசைக் கடிகாரத்தின் முன்னால் பகல் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பே இடம் பிடித்து உட்காருங்கள். ஒரு குட்டிக் கொல்லன் நொடிக்கு நொடி சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பான். மணி ஆனதும் கதவு திறந்து இன்னொரு பொம்மை வெளியே வந்து மணியடித்துவிட்டு உள்ளே போகும். பன்னிரண்டு அடியையும் கூட்டமே சேர்ந்து எண்ணும். வீட்டுக்கு வந்த பிறகு, ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டாமல், நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். அந்தப் பொம்மை உள்ளே போய் என்ன செய்யும் என்றும் கேளுங்கள். அதே அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்கான பொம்மைப் பகுதியும் இருக்கிறது. நாம்பள்ளி பப்ளிக் கார்டனில் உள்ள ஜவஹர் பால பவனில் ஓவியம், இசை போன்ற வகுப்புகள் நடக்கின்றன; விசாரித்துப் பாருங்கள். அதற்காக வாரம் முழுவதும் வகுப்புகளாக நிரப்பிவிட வேண்டாம்.

பள்ளியை மாற்றும் பேச்சை இந்தக் கல்வியாண்டு முடியும் வரை தள்ளிவையுங்கள். ஊர் மாறி வந்த பிள்ளை, இப்போதுதான் வேர் பிடித்திருக்கிறாள். அடுத்த பி.டி.எம்.முக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். ஜூன் மாதத்தில் மகள் வரைந்தது, எழுதியது ஒன்றையும் இப்போது செய்தது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்படி டீச்சரிடம் கேளுங்கள். பதுக்கம்மா அடுக்கியபோது அவள் என்ன சொன்னாள், எதில் தடுமாறினாள் என்றும் கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரிந்தால் உங்கள் மகளைக் கவனித்துப் பார்க்கும் ஆசிரியர் கிடைத்திருக்கிறார், இருந்த இடத்திலேயே இருங்கள். வாட்ஸ்அப் ஃபோட்டோவைத் தவிரக் காட்ட எதுவும் இல்லை, வாசிப்பும் முன்னேறவில்லை என்றால், மார்ச்சில் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது வேறு பள்ளியைத் தேடுவது பற்றிப் பேசலாம்.